தலையில் அடிபட்ட பிள்ளை மறுபடி வகுப்புக்குப் போவது எப்படி?

சி.டி. ஸ்கேன் நார்மல் என்றதும் மறுநாளே பையை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஸ்கேனில் தெரிவது இரத்தக் கசிவும் எலும்பு முறிவும். மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், அதில் தெரியாது. பாடம் மண்டையில் ஏறாதது, வெளிச்சமும் சத்தமும் தாங்காதது, எரிச்சல் எல்லாம் கன்கஷனின் வேலை.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், குழறல் இதில் எது இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு. மற்றவர்களுக்கே கீழுள்ளது.

தேவை ஒரு நோட்டும் சமையலறை டைமரும். மொபைல் டைமர் வேண்டாம், எடுத்த போன் கீழே இறங்காது.

முதல் 24–48 மணி நேரம்: வீட்டோடு ஓய்வு. மெல்ல நடக்கலாம், பேசலாம். டிவி, மொபைலைக் குறையுங்கள். வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைப்பது பழைய வழக்கம். 2022 ஆம்ஸ்டர்டாம் மருத்துவ மாநாடும் முழு ஓய்வைப் பரிந்துரைக்கவில்லை.

அடுத்து வாசிப்பு: 5 முதல் 15 நிமிடம். தொடங்குமுன் தலைவலிக்கு 0–10க்குள் ஒரு மதிப்பெண், முடித்தபின் ஒன்று. 2 வரை கூடி, அதாவது 3 என்பது 5 ஆகி, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் சரி, நேரத்தைக் கூட்டலாம். 6 ஆனால் நிறுத்திவிட்டு நாளை பாருங்கள். இது தாங்கினால் வீட்டுப்பாடம்.

பிறகு அரைநாள் பள்ளி: பலர் சறுக்குவது இங்கேதான், அதுவும் போர்டைப் பார்த்து எழுதும்போது. கண் தூரத்துக்கும் நோட்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். கிட்டப் பார்க்கையில் இரு கண்ணும் உள்நோக்கிக் குவிய வேண்டும். அடிபட்டபின் இந்தக் குவிப்பு பலருக்குத் தளர்ந்துபோகிறது. எழுத்து இரண்டாகத் தெரியும், வரி தவறும், மூன்றாம் பீரியடில் தலைவலி. ஆசிரியர் கண்ணுக்கு அது சோம்பல்.

ஆகவே பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்: போர்டில் எழுதுவதன் ஜெராக்ஸ், தலை வலித்தால் அமைதியான அறையில் 15 நிமிடம், இப்போதைக்கு டெஸ்ட் வேண்டாம், பிறகு நாளுக்கு ஒன்று, கூடுதல் நேரத்தோடு. பி.டி. பீரியட் கூடாது.

முழுநாளும் தாங்கினால் சலுகைகளை ஒவ்வொன்றாக விலக்குங்கள். முழுப் படிப்பும் சிரமமின்றி நடந்தபிறகே, டாக்டர் ஒப்புதலோடு, மோதல் உள்ள விளையாட்டு. ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் ஆபத்து அதிகம்.

பின்சேர்க்கை: காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் தலைவலி மதிப்பெண் பொய்யாகிவிடும். தினமும் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலி தரும். பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். தேறாவிட்டால் கண், கழுத்து, தூக்கம், மனநிலை நான்கையும் டாக்டரிடம் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

டியூஷனைக் கணக்கில் விடாதீர்கள். அரைநாள் பள்ளியோடு மாலை 2 மணி நேர டியூஷனும் சேர்ந்தால் அது கிட்டத்தட்ட முழுநாள்தான்.