மாடு மேயும் நிலத்தில் ஆமை முட்டைக் குழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரியின் பாகூர் ஏரி, கடலூர் மாவட்டப் பெருமாள் ஏரி பக்கம் இருப்பவர்களுக்குப் பாலாமை என்கிற நன்னீர் ஆமை புதிதல்ல. தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டையிடக் கரையேறித்தான் ஆகவேண்டும், அப்படி ஏறிவருகிற இடம் பல நேரம் யாரோ மாடு மேய்க்கிற தரிசாக இருக்கும்.

1. முதலில் இடம். புல் மண்டிக் கிடக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். ஆமை அடைகாக்காது, வெயிலில் சூடாகும் மண்தான் முட்டையைப் பொரிக்க வைக்கிறது. அதனால் மாடு கடித்துத் திறந்துவிட்ட சரிவு, வரப்போரம் எல்லாம் அதற்குத் தோது. ஆனால் மாடுகள் தினமும் நின்று இறுக்கிவிட்ட களிமண்ணில் தோண்ட முடியாது.

2. மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் மறுநாள் காலையில் போங்கள்.

3. இனிதான் உண்மையான வேலை. ஆமை பின்னங்கால்களால் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணை இழுத்து மூடி, அடி ஓட்டால் அழுத்திவிட்டுப் போகும். குனிந்து பார்த்தால் புல்லும் சேறும் கலந்து மெழுகியது போல ஒரு சின்னத் திட்டு தெரியும். குளம்புத் தடத்துக்கு இரண்டாகப் பிளந்த வடிவமும் கூர்மையான ஓரமும் இருக்கும், இதற்கு இரண்டும் கிடையாது. பக்கத்தில் மண்ணை வாரியிறைத்து முட்டை ஓட்டுத் துண்டுகள் கிடந்தால் கீரியோ உடும்போ நாயோ முந்திவிட்டது. முழு உருண்டை முட்டையின் ஓடு என்றால் பாலாமை, நீள்வட்டம் என்றால் முதுகில் மூன்று மேடு உள்ள காராமை.

4. சரி, குழி கிடைத்துவிட்டது. தோண்டாதீர்கள்! கரு உள்ளே ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் செத்துப்போகலாம். தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முட்டையை எடுப்பது குற்றம். படம் எடுத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

5. அப்புறம் நிலத்துக்காரரிடமும் மேய்ப்பவரிடமும் பேசுங்கள். வந்து மேய்ந்துவிட்டுப் போகிற நாலு மாட்டை நினைத்து நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். அறுவடை முடிந்து எருவுக்காக மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடும்போதுதான் ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான குளம்புகள் மிதிக்கும். கிடையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னால் பலரும் ஒத்துக்கொள்வார்கள், எரு எப்படியும் அதே வயலில்தானே விழப்போகிறது. குழியைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கருவேல முள் வையுங்கள், மேலே எதையும் மூடவேண்டாம்.

6. பொரிக்கப் பல மாதம் ஆகும், உழவு வந்துவிட்டால் அந்த மூலையை மட்டும் விடச் சொல்லுங்கள். மழையில் மண் இளகியதும் குஞ்சுகள் தாமாக ஏறித் தண்ணீரைத் தேடிப் போய்விடும், வாளியில் தூக்கிப்போக வேண்டியதில்லை.