டெர்மினலுக்கு டெர்மினல் விம் நிறம் மாறுகிறதா? சரிசெய்யும் வழி

விம் என்பது டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் எழுத்துத் திரையில்) இயங்கும் எடிட்டர். அதில் உபுண்டு லினக்ஸில் பளிச்சென்று தெரியும் அதே கோப்பை, விண்டோஸிலிருந்து புட்டி (வேறு கணினியோடு இணைக்கும் டெர்மினல் செயலி) வழியாகத் திறந்தால் கமெண்ட் வரிகள் (நிரலில் எழுதும் விளக்கக் குறிப்புகள்) கறுப்பின் மேல் கருநீலமாகி வாசிக்கவே முடியாது. டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல திரைகளை நடத்தும் கருவி) போனால் அது வேறு நிறம். உடனே புதுக் கலர்ஸ்கீம் (விம்முக்கான நிறத் தொகுப்பு) தேடத் தோன்றும். அதை இப்போதைக்கு விடுங்கள். கோளாறு பெரும்பாலும் டெர்மினல் பக்கம்தான் இருக்கும்.

அடிப்படை இதுதான். பழைய 16 நிற முறையில் விம் நிறத்தை அனுப்புவதில்லை, எண்ணை மட்டுமே அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை டெர்மினல் முடிவு செய்கிறது. இரண்டு பெயின்ட் கம்பெனிகளின் ஷேட் கார்டில் ஒரே எண் வேறு வேறு நிறமாக இருப்பது போல. 4ஆம் எண் நீலத்தையே பாருங்கள்: எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலில் அதன் சிவப்பு, பச்சை, நீல அளவு 0, 0, 238. விண்டோஸ் கன்சோலில் வெகுகாலம் 0, 0, 128 ஆக இருந்தது. கறுப்பில் தெரியவில்லை என்றுதான் 2017இல் 0, 55, 218 ஆக மாற்றினார்கள்.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: எத்தனை நிறம் என்று பாருங்கள்

டெர்மினலில் 'எக்கோ $டெர்ம்' (டெர்ம் பெரிய எழுத்தில்; டெர்மினல் எந்த வகை என்று நிரல்களுக்குச் சொல்லும் மதிப்பு அது), அப்புறம் 'டிபுட் கலர்ஸ்' என்று அடியுங்கள். 256 வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 8 வந்தால் இங்கேயே நில்லுங்கள். புட்டியில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அது தன்னை வெறும் 'எக்ஸ்டெர்ம்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதன் செட்டிங்கில் கனெக்‌ஷன், அதற்குள் டேட்டா போய், டெர்மினல் வகை என்ற இடத்தில் 'எக்ஸ்டெர்ம்-256கலர்' என்று மாற்றுங்கள்.

இதே மாற்றத்தை .பேஷ்ஆர்சி கோப்பில் (பேஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பு) எழுதச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். டிமக்ஸுக்கு வேறு டெர்ம் வேண்டும். அங்கேயும் இது போய் அதை அழித்துவிடும்.

படி 2: பின்னணியைச் சொல்லுங்கள்

பின்னணி வெளிர் நிறம் என்று நினைத்தால், விம் தன் இயல்பான நிறங்களில் கமெண்டுக்குக் கருநீலத்தை எடுக்கும். அடர் நிறம் என்று தெரிந்தால் சயானுக்கு (பச்சை கலந்த வெளிர்நீலம்) போகும். சில டெர்மினல்களில் அதன் கணிப்பு தவறும். விம்மின் அமைப்புக் கோப்பான .விம்ஆர்சியில் 'செட் பேக்கிரவுண்ட்=டார்க்' என்று ஒரு வரி சேருங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

படி 3: முழு நிறத்துக்கு மாறுங்கள்

'செட் டெர்ம்ஜியுஐகலர்ஸ்' என்ற வரி விம்மை 24 பிட் நிறத்துக்கு, அதாவது 1,67,77,216 நிறங்களுக்கு மாற்றும். எண்ணுக்குப் பதில் சிவப்பு, பச்சை, நீல அளவே போவதால் எங்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான். ஆனால் டெர்மினலுக்கு அந்த வசதி இல்லையென்றால் திரை அலங்கோலமாகும். மேக்கின் டெர்மினல் செயலி பல ஆண்டுகள் 256 நிறத்தோடுதான் நின்றது. அதனால் டெர்மினல் தன் நிற வசதியைச் சொல்லும் $கலர்டெர்ம் மதிப்பு 'ட்ரூகலர்' என்று இருந்தால் மட்டும் அந்த வரி இயங்கும்படி ஒரு இஃப் (நிபந்தனை) போடுங்கள். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் 0.10 முதல் இந்தச் சோதனையைத் தானே செய்துகொள்கிறது.

படி 4: டிமக்ஸ்

.டிமக்ஸ்.கான்ஃப் கோப்பில் டிஃபால்ட்-டெர்மினலை 'டிமக்ஸ்-256கலர்' ஆக்குங்கள். பதிப்பு 3.2 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வரியும் வேண்டும்: செட் -ஏஎஸ் டெர்மினல்-ஃபீச்சர்ஸ் ",எக்ஸ்டெர்ம்-256கலர்:ஆர்ஜிபி". எல்லாவற்றையும் சேமித்துவிட்டு 'டிமக்ஸ் கில்-சர்வர்' கொடுங்கள். திறந்திருக்கும் அத்தனை டிமக்ஸ் செஷனும் மூடிவிடும், கவனம்.

அப்புறமும் டிமக்ஸுக்குள் மட்டும் நிறமே வராமல் போனால், விம்மில் ':ஹெல்ப் எக்ஸ்டெர்ம்-ட்ரூ-கலர்' அடியுங்கள். சேர்க்க வேண்டிய இரண்டு வரிகளும் அங்கேயே இருக்கின்றன.

எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகச் சர்வருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டெர்ம் மதிப்பு உங்களோடு சர்வருக்கு வரும், கலர்டெர்ம் பல இடங்களில் தானாக வராது. அப்படி வராவிட்டால் படி 3இல் போட்ட இஃப் அங்கே பொய்யாகி, விம் 256 நிறத்துக்கே திரும்பும். முழு நிறம் வேண்டுமானால் உங்கள் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் 'சென்ட்என்வ் கலர்டெர்ம்' சேர்த்து, சர்வரில் 'அக்செப்ட்என்வ்' வரியில் அதை அனுமதிக்கச் சொல்லுங்கள்.