நூக்சாக் வம்சாவளி தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது வாட்கம் கவுண்டி. அங்கே நூக்சாக் ஆற்றையொட்டி வாழ்ந்துவரும் பூர்வகுடிகள் நூக்சாக் மக்கள். கோஸ்ட் சாலிஷ் இனங்களில் ஒன்று. இவர்களுக்கு வம்சாவளி பொழுதுபோக்கு ஆராய்ச்சி அல்ல. கொள்ளுப்பாட்டியின் பெயர் ஒரு பழைய பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து, இன்றைக்குப் பேரன் பேத்திகளின் பழங்குடி உறுப்பினர் தகுதியே முடிவாகிறது. அதனால்தான் இந்த ஆவணங்களைத் தப்பாகப் படிப்பது இவ்வளவு பெரிய விஷயமாகிறது.

அமெரிக்கப் பூர்வகுடி என்றதும் பலர் நேராகப் போய்த் தேடுவது டாஸ் பட்டியலில். அது ஓக்லஹோமா பக்கத்து செரோக்கி முதலான ஐந்து இனங்களுக்காக மட்டும் தயாரித்தது. நூக்சாக் குடும்பத்தை அதில் தேடுவது வீண் வேலை. மரபணுப் பரிசோதனையும் அப்படித்தான். எந்த இனம் என்பதை அது சொல்லாது.

மிகப் பெரிய தவறு, பூர்வகுடிகள் குடியிருக்க அரசு ஒதுக்கிய நிலத்தின், அதாவது ஒதுக்கு நிலத்தின் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அந்தக் குடும்பமே இல்லை என்று முடிவு கட்டுவது. 1855 ஜனவரி 22-ல் முக்கில்டியோவில் அமெரிக்க அரசுக்கும் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளுக்கும் இடையே பாயின்ட் எலியட் நில ஒப்பந்தம் கையெழுத்தானபோது நூக்சாக் மக்கள் சார்பில் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் ஒப்பந்தம் அவர்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசு எடுத்துக்கொண்டது. அண்டை இனமான லம்மி மக்களின் ஒதுக்கு நிலத்துக்குக் குடிபோகச் சொன்னது. பெரும்பாலோர் போகவில்லை. தங்கள் ஊர்களிலேயே இருந்துகொண்டு, பூர்வகுடிகளுக்கான 1875, 1884-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழியாகத் தாங்கள் வாழ்ந்த மண்ணுக்கே மனுப் போட்டுப் பட்டா வாங்கினார்கள். ஆகவே லம்மி பட்டியலோடு தேடலை நிறுத்தாமல் நிலப் பட்டா ஆவணங்களுக்குப் போக வேண்டும். ஒதுக்கு நிலப் பதிவுகளில் விடுபட்ட மேற்கு வாஷிங்டன் பூர்வகுடிகளை விசாரித்து சார்லஸ் ராப்ளின் என்ற அதிகாரி 1919-ல் கொடுத்த பட்டியலையும், அதற்காக மக்கள் எழுதிக்கொடுத்த மனுக்களையும் அவசியம் பார்க்க வேண்டும்.

பட்டாவோடு நின்றுவிடுவதும் தவறுதான். உண்மையான புதையல் அதற்குப் பின்னால் வந்த வாரிசு விசாரணைக் கோப்புகளில் இருக்கிறது. அரசின் பொறுப்பில் இருந்த நிலத்தின் சொந்தக்காரர் இறந்துபோனால், 1910-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை வாரிசுகளைத் தீர்மானிக்க வேண்டும். அதற்காக உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இறந்தவர் எத்தனை முறை மணந்தார், ஊர் வழக்கப்படியா தேவாலயத்திலா, எத்தனை பிள்ளைகள், குழந்தையிலேயே இறந்தவர்கள் யார், கூடப்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருப்பார்கள். மூன்று தலைமுறைக் கதை ஒரே கோப்பில் கிடைத்துவிடும். ஆண்டுதோறும் அரசு ஏஜென்ட் எழுதிய கணக்கெடுப்புப் பட்டியல் பக்கத்திலேயே வர முடியாது. அவற்றில் பல இடங்களில் போன வருஷத்துப் பட்டியலையே பார்த்தெழுதி, வயதை மட்டும் ஒன்று கூட்டியிருப்பார்கள்.

ஆனால் அந்த வாக்குமூலங்களில் வரும் உறவுமுறைகளை ஆங்கிலேயர் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோஸ்ட் சாலிஷ் வழக்கில் பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைதான். பெரியப்பா மகனை அண்ணன் என்றே கூப்பிடும் நமக்கு இது சட்டென்று புரியும். ஒரு மூதாட்டி ‘என் அக்கா’ என்று சொல்லியிருந்தால், இருவருக்கும் ஒரே தாய் தகப்பன் என்று வம்சவரிசையில் உடனே கோடு இழுத்துவிடாதீர்கள். பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். மூதாதையர் பெயரை ஊர் கூடிய விழாவில் அடுத்த தலைமுறைக்குச் சூட்டுவது இவர்கள் மரபு. அதனால் ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் வருவார்கள். ஒருவருக்கே வாழ்நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களும் உண்டு. அப்புறம் தகப்பனின் ஆங்கில முதற்பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக மாறியிருக்கும். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு பேரை ஒருவராக்குவதும், வேறாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை இரண்டாக்குவதும் இணையத்து வம்சாவளிகளில் நிறையவே நடக்கிறது.

எல்லைக்கோட்டோடு தேடலை நிறுத்துவது இன்னொரு தவறு. அமெரிக்காவும் பிரிட்டனும் செய்துகொண்ட 1846 ஒப்பந்தம் 49-ஆம் இணைகோட்டில் நாடுகளைப் பிரித்தது, உறவுகளைப் பிரிக்கவில்லை. கனடாப் பக்கத்து சூமஸ், மட்ஸ்கி, சில்லிவாக் மக்களோடு நூக்சாக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தவை. அங்கிருந்து மருமகளாக வந்த பெண்கள் ஹால்கொமேலம் மொழி பேசினார்கள். பிற்காலத்தில் பல நூக்சாக் வீடுகளின் பேச்சு மொழியே அதுவாகிவிட்டது. மொழியை மட்டும் வைத்து ‘இவர் நூக்சாக் இல்லை’ என்று சொல்வது அபத்தம். கனடாவின் ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் உள்ள கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

1973-ல்தான் கூட்டரசு முழுமையாக அங்கீகரித்தது என்பதால் நூக்சாக் இனத்தையே அப்போது உருவான ஒன்றாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 1971-ல் டெமிங்கில் கிடைத்த ஒரு ஏக்கர் நிலம்தான் இவர்களது ஒதுக்கு நிலத்தின் தொடக்கம், சரி. ஆனால் ஆற்றங்கரை ஊர்கள் அதற்கு வெகுகாலம் முந்தியவை. அங்கீகாரத்தின்போது வந்த நூக்சாக் அரசியலமைப்பு, உறுப்பினர் தகுதியை அந்த நாளில் முதன்முதலாக நிலம் பெற்றவர்களின் பதிவுகள், 1942 ஜனவரி 1 தேதியிட்ட கணக்கெடுப்புப் பட்டியல் போன்ற சில ஆவணங்களோடு பிணைத்தது. 2013-ல் சுமார் 306 பேரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கியபோது, அவர்களுடைய மூதாட்டி ஒருவரின் பெயர் அந்த 1942 பட்டியலில் இல்லை என்பதுதான் சர்ச்சையின் மையமாக இருந்தது. சட்டப்படியான உறுப்பினர் தகுதி ஒன்று, வம்சாவளி இன்னொன்று. முதலாவதைத் தீர்மானிப்பது பழங்குடி அரசு. ஆய்வாளர் ஒரு பட்டியலைக் காட்டி இரண்டையும் குழப்பி, யாரையும் ‘போலி’ என்று எழுதக் கூடாது. உயிரோடு இருப்பவர்களின் பதிவு விவரங்களை வெளியிடவே கூடாது. அந்த நீக்க நடவடிக்கையில் வீட்டை இழக்கும் நிலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன.

தேடலைத் தொடங்க நல்ல இடம் சியாட்டில் தேசிய ஆவணக் காப்பகம். நூக்சாக் பெயரில் மட்டும் கேட்காமல் டுலாலிப் ஏஜென்சி கோப்புகளையும் கேளுங்கள். அந்த அலுவலகத்தின் பொறுப்பில்தான் இவர்கள் இருந்தார்கள். 1900, 1910 கணக்கெடுப்புகளில் பூர்வகுடிகளுக்கென்று தனிப் படிவம் உண்டு. அதில் தாயின் இனம், தகப்பனின் இனம் இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கும். கவுண்டிப் பதிவுகளுக்கு பெல்லிங்ஹாமில் உள்ள மாநில ஆவணக் காப்பகக் கிளைக்குப் போக வேண்டும்.