செம்பெயர்ச்சியை வீட்டிலேயே கணக்குப் போடுவது எப்படி?

பிரபஞ்சம் விரிகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அந்த விரிவால் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி. ஒரு தடவை சொந்தமாகக் கணக்குப் போட்டால்தான் அது மனசில் உட்காரும். தொலைநோக்கி வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

யார் கேட்டாலும் 3சி 273-இல் ஆரம்பிக்கச் சொல்வேன். கன்னி ராசிப் பக்கம் இருக்கும் குவாசார், அதாவது வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் ஒரு கேலக்ஸியின் மையம். படத்தில் சாதாரண நட்சத்திரம் மாதிரிதான் தெரியும். பலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் எடுத்த இதன் நிறமாலையில் (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவில்), எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகாத இடங்களில் பிரகாசமான கோடுகள் இருந்தன. 1963-இல் அவரே அந்த முடிச்சை அவிழ்த்தார்.

ஒரு தாளில் அந்தக் கோடுகளில் மூன்றின் அலைநீளங்களை எழுதிக்கொள்ளுங்கள்: 475.3, 503.2, 563.2 நானோமீட்டர். நேர் கீழே, ஆய்வகத்தில் ஹைட்ரஜன் காட்டும் கோடுகள்: 410.2, 434.0, 486.1. இங்கேதான் பலரும் கழித்துப் பார்ப்பார்கள். 65, 69, 77 என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் 1.159! முதல் தடவை, பட்டனை மாற்றி அழுத்திவிட்டேனோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்த் தண்ணீரில் இருக்கிற அதே ஹைட்ரஜன்தான். ஒளி வந்த வழியெல்லாம் வெளி விரிந்ததால் அலையும் அதே விகிதத்தில் நீண்டுவிட்டது. அதிலிருந்து 1-ஐக் கழித்தால் செம்பெயர்ச்சி. ஷ்மிட் சொன்னது 0.158, இந்தக் கோடுகள் அகலமானவை, கடைசி இலக்கத்துக்காகச் சண்டை வேண்டாம். அந்த ஒளி கிளம்பிச் சுமார் 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

சரி, கை பழகிவிட்டதா? வானத்தைப் பெரிய அளவில் பதிவு செய்யும் ஸ்லோன் வான ஆய்வின் நிறமாலைகள் இணையத்தில் இலவசம். வயதான கேலக்ஸி ஒன்றை எடுத்து, அதன் நிறமாலை வரைபடத்தில் ஒளி குறைந்து, பக்கத்துப் பக்கத்தில் விழும் இரண்டு பள்ளங்களைத் தேடுங்கள். அது கால்சியம், ஆய்வகத்தில் 393.4, 396.8.

ஒரு எச்சரிக்கை. 557.7-இல் கூர்மையான முள் ஒன்று நின்றால் அதைத் தொடாதீர்கள். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதை வைத்தே கணக்குப் போட்டேன். ஆறாவது கேலக்ஸியிலும் அதே இடத்தில் அதே முள் வந்தபோதுதான் உறைத்தது: அது கேலக்ஸியுடையதே அல்ல, நம் தலைக்கு மேலே, பூமியின் காற்றுமண்டலத்தில் இரவில் மினுங்கும் ஆக்சிஜன்.