மீன் எலும்புப் புதைபடிவம்: பெயரிடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் களிமண் ஓடைகளில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் எச்சங்களை ஒவ்வொரு மழையும் வெளியே கொண்டுவருகிறது. அத்தகைய துண்டுகளை எப்போதோ எடுத்து வந்து வீட்டில் டப்பாவில் வைத்திருப்பவர்கள் "இது எந்த மீன்?" என்றே தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுதான். இது எலும்புதானா, எலும்பு என்றால் உடலின் எந்தப் பகுதி என்ற இரண்டும் தெளிவாகும் முன் மீனின் பெயருக்குப் போகக் கூடாது.

காரையில் மிகுதியாகக் கிடைப்பது பெலம்னைட், அதாவது கணவாய்க்கு உறவான, அற்றுப்போன ஓர் உயிரினத்தின் உட்கூட்டுத் துண்டு. விரல்போல நீண்டு ஒரு முனை கூர்ந்திருப்பதால், அதைப் பல் என்றோ துடுப்பு முள் என்றோ நினைத்துவிடுகிறோம். உடைந்த முகத்தைக் கைலென்ஸில் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து படிக இழைகள் கதிர்போல் விரிந்திருந்தால் அது பெலம்னைட், எலும்பில் நுண்துளைகள் தெரியும். நாக்கில் ஒட்டினால் எலும்பு என்ற பழைய சோதனை இங்கே பயன்படாது, ஏனெனில் காய்ந்த களிமண்ணும் ஒட்டும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது முள்ளெலும்பு, அதாவது முதுகெலும்புத் தொடரின் ஒரு கணு. இரு முகமும் கிண்ணம்போல் குழிந்திருந்தாலே மீன் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் இக்தியோசார் என்ற கடல்வாழ் ஊர்வனவற்றின் முள்ளெலும்பும் அப்படியே குழிந்திருக்கும். காரை அடங்கிய ஊட்டத்தூர்ப் படிவுகளில் கிடைத்த சில முள்ளெலும்புகளைக் கொண்டு ஆங்கிலேயப் புதைபடிவ ஆய்வாளர் ரிச்சர்ட் லைடெக்கர் 1879இல் ஓர் இக்தியோசார் இனத்துக்குப் பெயரிட்டார். இனத்தைப் பிரித்தறிய அவை போதா என்பதால், அப்பெயர் இன்று ஐயத்துக்குரியதாகவே கருதப்படுகிறது. ஆகவே குழிவை விட்டுவிட்டுப் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். எலும்பு மீனில், அதாவது சுறாவைப்போல் குருத்தெலும்பாக இல்லாமல் எலும்பாலான கூடுள்ள மீனில், நீட்சிகள் முறிந்த அடிக்கட்டைகள் தெரியும். பல சுறாக்களில் அவற்றுக்குப் பதிலாக இணை இணையான குழிகள் இருக்கும். இக்தியோசாரில் விலா எலும்பு பொருந்திய சிறு மேடுகள் காணப்படும். குழம்புக்கு வாங்கும் வஞ்சிரம், சுறா ஆகியவற்றின் முள்ளெலும்புகளை வேகவைத்துச் சதை நீக்கி, காயவைத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இந்த வேறுபாடு கைக்கே பிடிபட்டுவிடும். இணையப் படங்கள் அந்த அளவுக்கு உதவுவதில்லை.

நிறத்தைக் கொண்டு வயதைக் கணிப்பதும் தவறு. மண்ணில் கிடந்த ஆட்டெலும்பும் சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும்.

சுத்தம் செய்ய வினிகரில் ஊறப்போடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. எலும்பின் பாஸ்பேட்டையும் துளைகளில் நிரம்பிய சுண்ணாம்பையும் அமிலம் அரித்துவிட்டால், அடையாளம் காணத் தேவையான மேற்பரப்பே மிஞ்சாது. மென்மையான தூரிகையும் மரக்குச்சியும் போதும். வார்னிஷ் பூசவும் கூடாது.

கிடைத்த இடத்தைக் குறிக்காமல் விடுவதே ஈடுசெய்ய முடியாத இழப்பு. எந்த ஓடை, எந்த அடுக்கு, எந்த நாள் என்பதைச் சீட்டில் எழுதி, அதே எண்ணைத் துண்டின் முக்கியமற்ற ஓரத்தில் சிறிதாக மையால் குறியுங்கள். வல்லுநருக்கு அனுப்பும் படத்தில் அருகே அளவுகோலை வைத்து, இரு முகங்களையும் பக்கவாட்டையும் உடைந்த பகுதியையும் தனித்தனியே எடுங்கள். சீட்டில் "முள்ளெலும்பு, எலும்பு மீனாக இருக்கலாம்" என்பதற்கு மேல் எழுத முடியவில்லை என்றால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.