பாம்பன் தீவுக்கு இரண்டு வழி: ஓஎஸ்பிஎஃப் ஏரியா பிரிப்பது எப்படி?

ஓஎஸ்பிஎஃப் என்பது வலைப்பின்னலில் ரூட்டர்கள் தமக்குள் பேசிப் பாதை கண்டுபிடிக்கும் முறை. அதில் ஒரே ஏரியாவில், அதாவது ஒரே பிரிவில், இருக்கும் ரூட்டர்கள் எல்லாம் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு பாதை போடுகின்றன. ஓர் இணைப்பு அறுந்தால் அத்தனையும் மறுபடி கணக்குப் போட வேண்டும். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் ஏரியா. பத்துப் பதினைந்து ரூட்டர்தான் என்றால் எல்லாவற்றையும் ஏரியா 0-இல் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கீழே வரும் வலைப்பின்னல் கற்பனை, ஊர்கள் நிஜம்.

படி 1: முதுகெலும்பு

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் ஏரியா 0; இதுதான் முதுகெலும்பு. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஏரியா 1. கீழக்கரைப் பக்கம் 2, தொண்டிப் பக்கம் 3. ஏரியா விட்டு ஏரியா போக 0 வழியாகத்தான் போக வேண்டும்.

படி 2: கடலைத் தாண்டுவது

மண்டபத்தில் 'அ', 'ஆ' என இரண்டு எல்லை ரூட்டர்கள்; ஏரியா 0, 1 இரண்டிலும் கால் வைத்திருப்பவை. 'அ'விலிருந்து சாலைப் பாலம் வழியாகப் பாம்பனுக்கு 10 ஜிகாபிட் ஃபைபர். 'ஆ'விலிருந்து தங்கச்சிமடத்துக்கு 200 மெகாபிட் வயர்லெஸ். வயர்லெஸ்ஸுக்குப் பதில் இரண்டாவது ஃபைபரையும் அதே பாலத்தில் இழுத்துவிட்டு மாற்று வழி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

படி 3: காஸ்ட்

காஸ்ட் என்பது ஓர் இணைப்பின் 'செலவு' எண்; குறைவாக உள்ள வழியே தேர்வாகும். அடிப்படை அளவை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் அது வரும்; 1-க்குக் கீழே போகாது. பல ரூட்டர்களில் அடிப்படை அளவு 100 மெகாபிட். அப்படியே விட்டால் இரண்டு வழிக்கும் காஸ்ட் 1 என்றே வரும். எல்லா ரூட்டரிலும் அடிப்படை அளவை 1,00,000 மெகாபிட் ஆக்குங்கள். ஃபைபருக்கு 10 கிடைக்கும். வயர்லெஸ் செருகியிருக்கும் போர்ட் 1 ஜிகாபிட் என்றால் ரூட்டர் 100 என்று கணக்கிடும். வானில் போவது 200 மெகாபிட்தான் என்பது அதற்குத் தெரியாது. கையாலேயே 500 என்று எழுதுங்கள்.

படி 4: 'அ'–'ஆ' இணைப்பு எந்த ஏரியா?

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். 'அ'வையும் 'ஆ'வையும் நேராக இணைக்கும் கேபிளை ஏரியா 0-இல் மட்டும் வைத்தால், உச்சிப்புளி–'அ' இணைப்பு அறுந்த அன்று ராமேஸ்வரத்துக்கான பேக்கெட்டுகள் 'ஆ'வுக்கு வரும். பக்கத்திலேயே 'அ'வும் ஃபைபரும் சும்மா இருக்கும்; 'ஆ' திரும்பிக்கூடப் பார்க்காது. ஏரியாவுக்குள்ளேயே பாதை இருந்தால், காஸ்ட் எவ்வளவு ஆனாலும் ஓஎஸ்பிஎஃப் அதைத்தான் எடுக்கும். மொத்தப் போக்குவரத்தும் வயர்லெஸ்ஸில் போய் நெரியும். சரி, ஏரியா 1-இல் மட்டும் வைக்கலாமா? அதே உச்சிப்புளி–'அ' இணைப்பு அறுந்தால் 'அ' முதுகெலும்பிலிருந்து துண்டாகிவிடும். ஆகவே ஒரே கேபிளில் இரண்டு வி-லேன் (ஒரே கேபிளுக்குள் தனித்தனியாக ஓடும் இணைப்புகள்) போட்டு, ஒன்றை 0-இலும் மற்றதை 1-இலும் வையுங்கள். இரண்டுக்கும் காஸ்ட் குறைவாக இருக்கட்டும். ஓர் இணைப்பைப் பல ஏரியாவில் வைக்க வழிசெய்யும் ஆர்எஃப்சி 5185 என்ற தரநிலையை உங்கள் ரூட்டர் ஆதரித்தால் வி-லேன் இல்லாமலே இது நடக்கும்.

படி 5: பிடுங்கிப் பாருங்கள்

ஃபைபரைக் கழற்றினால் போர்ட் உடனே விழும். பாதையும் சட்டென மாறும். வயர்லெஸ் அப்படியல்ல. ஐப்பசி மழையில் சிக்னல் போனாலும் ரூட்டருக்கும் ரேடியோவுக்கும் இடையிலான போர்ட் உயிரோடுதான் இருக்கும். வழக்கமான அமைப்பில் 40 வினாடி ஹலோ (ரூட்டர்கள் 'இருக்கிறேன்' என்று அனுப்பும் செய்தி) வராமல் போன பிறகுதான் அண்டை ரூட்டர் இல்லை என்ற முடிவுக்கு வரும். அந்த இணைப்பின் இரு முனையிலும் பிஎஃப்டி (இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டுபிடிக்கும் முறை) போட்டுவிட்டு, ரேடியோவின் மின்சாரத்தை நீங்கள் கவனிக்கும் ரூட்டரின் முனையில் அல்ல, எதிர்முனையில் நிறுத்திச் சோதியுங்கள்.