பங்க் விலையை மட்டும் பார்த்து டீசல் கார் எடுக்காதீர்கள்

2012-ல் டீசல் கார் எடுத்தவர்களின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதும் அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கியது. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் ஏறக்குறைய 101 ரூபாய், டீசல் ஏறக்குறைய 92.50. எட்டரை ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் "டீசல்னா செலவு கம்மி" என்ற பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை.

ஷோரூமுக்குப் போகும் முன் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கண்டுபிடியுங்கள். ஏற்கெனவே கார் இருந்தால் ஓராண்டு இடைவெளியில் போட்ட இரண்டு சர்வீஸ் பில்களை எடுத்து, கிலோமீட்டரைக் கழித்து 12-ஆல் வகுத்தால் போதும். முதல் கார் என்றால் எழுதிப் பாருங்கள். ஆபீஸ் போக வர 35 கிலோமீட்டர், 24 நாள், ஆக 840. மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வர 200. மொத்தம் 1,040. மனதில் தோன்றும் எண்ணை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்து மைலேஜ். விளம்பரத்தில் போடும் எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது. நீங்கள் வாங்க நினைக்கும் அதே இன்ஜின் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் இப்படி அளந்துதரச் சொல்லுங்கள்: நாசில் தானாக 'டக்' என்று நிற்கும்வரை டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து, 400 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் மீண்டும் அதே முதல் 'டக்' வரை நிரப்ப வேண்டும். 412 கிலோமீட்டருக்கு 26.8 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15.4. 'டக்' விழுந்த பிறகு ரவுண்டு தொகைக்காக இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அளவு கெட்டுவிடும். பழைய பெட்ரோல் கார் கணக்கை இங்கே எடுத்துவராதீர்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும்.

இனி மேலே சொன்ன விலையில் கணக்கு. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய். டீசல் 19 கொடுத்தால் 4.87. மிச்சம் 1.86 ரூபாய். இந்த மிச்சத்துக்காக முதலில் எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். பெட்ரோல் மாடல் 9.4 லட்சம், அதே காரின் டீசல் 10.6 லட்சம் என்று வையுங்கள். பெட்ரோலுக்கு வரி 1,22,200 ரூபாய். டீசலுக்கு 1,90,800. வரியிலேயே 68,600 கூடிவிட்டது. விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் 1,88,600. இதை 1.86-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,01,400 கிலோமீட்டர். மாதம் 1,000 ஓட்டுபவருக்குப் போட்ட பணம் திரும்பிவர எட்டு ஆண்டுக்கு மேல். 2,000 ஓட்டுபவருக்கு நான்கு ஆண்டுக்குச் சற்றுமேல். லோன் வட்டியும், டீசல் இன்ஜினுக்குக் கூடுதலாகப் பிடிக்கும் ஆயிலும், டீசல் ஃபில்டரும் இதில் இல்லை. இரண்டு மாடலும் 10 லட்சத்துக்கு ஒரே பக்கம் விழுந்தால் கணக்கு டீசலுக்குக் கொஞ்சம் சாதகமாகும்; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கிலோமீட்டர் போதுமான அளவு வந்தாலும் எப்படி ஓடுகிறது என்பது அதைவிட முக்கியம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் கார் தானாகக் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரிக்கும். அதற்குக் கால் மணி நேரமாவது சீரான ஓட்டம் வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு இரண்டு என்று மட்டும் ஓடும் காரில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். அந்த நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் டர்போவும் தேயும்.

ஐடிலிங்கில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி, கார் நின்றிருக்கும்போதும் ரேடியேட்டர் ஃபேன் பலமாக ஓடினால் எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம், முடிந்தால் அணைக்காதீர்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் பைபாஸில் ஏறி, ஒரு கியர் குறைத்து, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் 60-70 வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு அணையவில்லை, அல்லது அதோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்துவிட்டது என்றால் ஓட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். ஆயில் மாற்றும்போது மேனுவலில் சொன்ன சாம்பல் குறைந்த வகைதானா என்று டப்பாவைப் பார்த்தே ஊற்றச் சொல்லுங்கள். வேறு ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கினால் எந்த எரிப்பிலும் போகாது.

சில டீசல் கார்களுக்கு யூரியா திரவமும் ஊற்ற வேண்டும். அதன் மூடி தனி, நீல நிறம். டேங்க் முழுக்கக் காலியானால் அணைத்த காரை மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியாது. இதைத் தவறியும் டீசல் டேங்க்கில் ஊற்றக் கூடாது. டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டாலும் சாவியையே திருப்பாதீர்கள். பல கார்களில் இக்னிஷன் போட்டதுமே டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். டீசலின் வழவழப்பு இல்லாமல் உயர் அழுத்த பம்ப் உரசி, இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை போய்விடும். நியூட்ரலில் தள்ளி ஓரம்கட்டி, டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்தால் செலவு அதோடு முடியும்.

பழைய பிஎஸ்6 டீசல் கார் பார்க்கப் போனால் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சர் குழாயின் உள்பக்கம் துடையுங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் துணி பெரிதாக அழுக்காகாது. கன்னங்கரேல் என்று கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கும், அல்லது யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அந்தக் கார் வேண்டாம்.